பேனை சத்தம் போட்டதெல்லாம் வைரமில்லை: லாப் டயமன்ட் வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை

மட்டக்களப்பில் ஒரு குடும்பம் நிச்சயதார்த்தத்துக்காக ஒரு கரட் "லாப் டயமன்ட்" (ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம்) மோதிரம் வாங்கியது. 18 கரட் வெள்ளைத் தங்கம், நடுவில் 6.5 மில்லிமீற்றர் வட்டக்கல். விற்றவர் பேனை மாதிரியான டெஸ்டர் ஒன்றைக் கல்லில் வைத்துக் காட்டினார். பச்சை விளக்கு ஏறி "பீப்" என்றது. கூடவே ஒரு பிளாஸ்டிக் அட்டையும் கொடுத்தார். மோதிரம் விரலுக்குப் பெரிதாக இருந்ததால் சுருக்கக் கொடுத்தார்கள். நெருப்பில் காட்டமுன் லென்ஸால் பார்த்த தொழிலாளிதான் சொன்னார், இது மொய்சனைட் என்று. விற்ற இடத்தில் போய்க் கேட்டதற்கு, "பில்லில் டயமன்ட் என்று நாங்கள் எழுதவில்லையே" என்று கைவிரித்துவிட்டார்கள். பில்லில் இருந்தது "வெள்ளைக்கல் மோதிரம் 1" என்பது மட்டும்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். லாப் வைரம் போலிக் கல் அல்ல. அதுவும் சுத்தமான கார்பன்தான். மண்ணுக்கடியில் விளைந்த வைரத்தின் அதே கட்டமைப்பு, அதே கடினம். பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்தோ, மீதேன் வாயுவிலிருந்து படலம் படலமாகப் படியவைத்தோ அதை வளர்க்கிறார்கள். மொய்சனைட் வேறு பொருள், சிலிக்கன் கார்பைட். கடினம் 9.25, வைரத்துக்கு 10. நாளாந்தம் போட மொய்சனைட் நல்ல கல், அதன் பெயரிலும் அதன் விலையிலும் விற்றால் யாருக்கும் குறை இல்லை. அதை வைரம் என்று தலையில் கட்டுவதுதான் மோசடி.

அந்தப் பேனை ஏன் சத்தம் போட்டது? அது பார்ப்பது கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்பதை மட்டும்தான். வைரம்போலத் தெரியும் செயற்கைக் கல்லான கியூபிக் சிர்கோனியாவைப் பிடிக்க அது போதும், ஏனென்றால் அந்தக் கல் சூட்டை மிகக் குறைவாகவே கடத்தும். மொய்சனைட்டோ பேனைக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்கு நன்றாகக் கடத்தும், ஆகவே பேனை இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்லும். விற்பவருக்கும் இது தெரியும். மின்கடத்தலையும் சேர்த்துப் பார்க்கும் டெஸ்டர் பெரும்பாலான மொய்சனைட்டைப் பிடித்துவிடும், ஆனால் மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்தும் மொய்சனைட்டும் இருக்கிறது. அது அந்த டெஸ்டரிலும் தப்பும். ஊசி முனை சரிந்து தங்கப் பிடியில் பட்டாலும் சத்தம் வரும், தங்கமும் சூட்டை நன்றாகக் கடத்தும் அல்லவா. கல் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும், முனை செங்குத்தாக நிற்க வேண்டும், பிடியில் படவே கூடாது.

நம்பத் தகுந்த சோதனை 10 மடங்கு லென்ஸ்தான். மேல்தட்டின் வழியாக நேரே பார்த்தால் மொய்சனைட் பெரும்பாலும் பிடிபடாது. மோதிரத்தைச் சரித்து, ஓரத்துப் பட்டை ஒன்றின் ஊடாக அடிப்பட்டைகளின் விளிம்புகளைப் பாருங்கள். ஒரு விளிம்பு இரண்டு கோடாகத் தெரிந்தால் அது வைரமாக இருக்கவே முடியாது. ஒற்றைக் கோடாகத் தெரிந்தால் மட்டும் வைரம் என்று முடிவுகட்டவும் கூடாது, சிர்கோனியாவும் ஒற்றைக் கோடுதான் காட்டும். அங்கே எடை உதவும். நன்கு வெட்டிய 6.5 மில்லிமீற்றர் வட்ட வைரம் கழற்றி நிறுத்தால் ஏறத்தாழ 1 கரட், அதாவது 0.2 கிராம். அதே அளவு மொய்சனைட் 0.9 கரட்டுக்குக் கிட்ட நிற்கும், சிர்கோனியா 1.7 கரட் வரை போகும். இன்னொன்று, கடையின் எல்.ஈ.டி வெளிச்சத்தில் எல்லாக் கல்லும் மின்னும். வாசலுக்கு வந்து வெயிலில் ஆட்டிப் பாருங்கள். வானவில் நிறங்கள் அள்ளிக் கொட்டினால் மொய்சனைட் என்று சந்தேகிக்கலாம். நிறம் பிரிக்கும் அளவு வைரத்துக்கு 0.044, மொய்சனைட்டுக்கு 0.104. மூச்சை ஊதி, படியும் ஆவி எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்று பார்க்கும் சோதனை மொய்சனைட்டிடம் எடுபடாது.

"மாத்தறை வைரம்" என்று சொல்லித் தந்தால் அது நிறமற்ற சிர்கோன் (சிர்கோனியா அல்ல, வேறு கல்). நம் நாட்டு இயற்கைக் கல்தான், ஆனால் வைரமில்லை. சில காலம் போட்டால் பட்டை விளிம்புகள் தேய்ந்துவிடும். வெள்ளை நீலக்கல் கடினமானது, மின்னல் குறைவு. எந்தக் கல் என்று தெரியாமல் மோதிரத்தைச் சுருக்கக் கொடுப்பதும் ஆபத்து. பற்றவைக்கப் பூசும் வெண்காரம் பட்டுச் சூடேறினால் நீலக்கல்லின் மேற்பரப்பு அரிபடும், சிர்கோனியா திடீர்ச் சூட்டில் வெடிக்கலாம்.

லாப் வைரத்தை இயற்கை வைரம் என்று விற்பது இதைவிடப் பெரிய மோசடி. அதைப் பேனையும் பிடிக்காது, சாதாரண லென்ஸும் பிடிக்காது, ஆய்வுகூடக் கருவிதான் வேண்டும். கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் கல்லைச் சோதிக்கக் கொடுக்கலாம். சான்றிதழ் தந்தால், கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணை லென்ஸில் வாசித்து, சான்றிதழ் தந்த நிறுவனத்தின் இணையத்தளத்தை நீங்களே தேடித் திறந்து ஒப்பிடுங்கள். அட்டையிலுள்ள கியூ.ஆர் குறியை ஸ்கேன் செய்ய வேண்டாம், அது விற்பவர் விரும்பும் பக்கத்துக்குப் போகக்கூடும்.

முதலீடு என்று சொல்லி லாப் வைரம் விற்றால் நம்பாதீர்கள். பெரிய வைரச் சுரங்க நிறுவனமான டி பியர்ஸே 2018 இல் கரட் 800 டொலருக்கு லாப் வைர நகை விற்கத் தொடங்கி, விலை விழுந்துகொண்டே போக, 2025 இல் அந்த வியாபாரத்தை மூடுவதாக அறிவித்தது. இங்கே அடகு வைக்கப் போனாலும் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் பணம்.

பில் எழுதும்போது பக்கத்தில் நின்று எழுதுவியுங்கள்: "ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம்" அல்லது "இயற்கை வைரம்" என்ற சொல், கல்லின் கரட், சான்றிதழ் எண், கல் நீக்கிய தங்க எடை, தங்கத்தின் தரம் (18 கரட் என்றால் 750) என்று. எழுதத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இல் சொல்லலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். மோதிரத்தைத் "திருத்தித் தருகிறோம்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள், கல் மாறிப்போனால் நிரூபிக்க ஒன்றும் இராது. மேலே சொன்ன குடும்பத்தின் பில் உதவவில்லை. ஆனால் விற்றவர் "லாப் டயமன்ட்தான், ஒரு கரட்" என்று வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவு அழியாமல் இருந்தது, முறைப்பாட்டோடு அதையும் சேர்த்திருக்கிறார்கள்.