நாலு ஃபிளாஷும் ஒரு சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணமும்: ஹம்மிங்பேர்ட் படமெடுக்கும் அமைப்பு, பல பருவங்களுக்குப் பிறகு

அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் கோடையில் கொல்லைப்புறக் கிண்ணத்துக்கு வரும் ஹம்மிங்பேர்ட் அநேகமாக ஒரே இனம்தான்: ரூபி த்ரோட்டட். எடை 3 கிராம் சொச்சம், நீளம் 9 செ.மீ. அளவு. அந்தரத்தில் நிற்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 50 முறை சிறகடிக்கும். இந்தப் பறவைக்காகக் காசு போடுவதென்றால் கேமராவில் போடாதீர்கள், ஃபிளாஷில் போடுங்கள்.

காரணம் எளிய கணக்கு. சிறகு நுனி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொண்டால், வேகமான ஷட்டர் திறந்திருக்கும் 1/4000 நொடியில்கூட 2.5 மி.மீ. நகர்ந்துவிடும். இறகு நுனி கரைந்துபோக அது போதும். கேமராவில் மாட்டும் சாதாரண ஃபிளாஷை 1/16 பவரில், அதாவது முழு பவரில் பதினாறில் ஒரு பங்கில் வைத்தால் வெளிச்சம் நீடிப்பது சுமார் 1/10000 நொடி. 1/32இல் இன்னும் குறைவு. பவரைக் குறைக்கக் குறைக்கச் சிறகு படத்தில் அசையாததுபோல் உறையும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பொறியாளர் ஹரால்ட் எட்ஜர்டன் 1930களிலேயே ஹம்மிங்பேர்டை இப்படி மின்னொளியால்தான் உறையவைத்தார். படத்தில் பதிவது ஃபிளாஷின் ஒளி மட்டும்தான் என்பதால் ஷட்டர் 1/200 நொடி போதும். வேகமான ஷட்டரோடு ஃபிளாஷை எரியவைக்கும் ஹை ஸ்பீட் சிங்க் வேண்டவே வேண்டாம். அது ஒளியைச் சிறு துடிப்புகளாக நீட்டிவிடும், வாங்கிய பலனே போய்விடும்.

நிலைத்து நின்ற அமைப்பு: முன்னால் இடமும் வலமும் ஒவ்வொன்று, பின்னால் மேலிருந்து ஒன்று, பின்னணித் தட்டிக்கு ஒன்று. பறவையைப் பார்க்கும் மூன்றும் 45 செ.மீ. தூரத்தில். நாலும் ஒரே பவரில் இருக்கட்டும். ஒன்று மட்டும் கூடினால் சிறகோரத்தில் நிழல்போல ஒரு கோடு விழும். நாலையும் ஒன்றாக எரியவைக்க ரேடியோ டிரிகர் வாங்குங்கள், இன்னொரு ஃபிளாஷின் ஒளியைப் பார்த்து எரியும் ஸ்லேவ் வெயிலில் ஏமாற்றும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, லென்ஸ் துவாரம் எஃப்/16. ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய கறுப்பாக வர வேண்டும். வரவில்லையென்றால் கிண்ணத்தை நிழலுக்கு மாற்றுங்கள்.

தட்டி இல்லாவிட்டால் பட்டப்பகல் படம் நள்ளிரவுபோல இருக்கும். மங்கிய பச்சையை மேட் தாளில் அச்சிட்டு 70 செ.மீ. பின்னால் நிறுத்தினால் போதும். பளபளப்புத் தாள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்.

ஆண் பறவையின் தொண்டைச் சிவப்பு சாயமல்ல, இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரியும் நிறம். பக்கத்து ஃபிளாஷ் இரண்டும் சரியாக எரிந்தும் தொண்டை கரியாக வருவது இதனால்தான். முன் ஃபிளாஷ்களில் ஒன்றை, அதே தூரத்திலேயே, லென்ஸின் பார்வைக்கோட்டுக்கு ஒட்டினாற்போல் நகர்த்துங்கள். பறவை இந்தப் பக்கம் திரும்பும் கணத்தில் தொண்டை கனல்போலப் பற்றிக்கொள்ளும். இந்த ஒரு மாற்றம் தந்த பலனை எந்த லென்ஸும் தரவில்லை.

400 மி.மீ. லென்ஸ், 2.5 மீட்டர் தூரம், எஃப்/16: தெளிவு கிடைப்பது சுமார் 3 செ.மீ. ஆழத்துக்குத்தான். ஆகவே பறவை பக்கவாட்டில் நிற்கும்படி கிண்ணத்தைத் திருப்புங்கள். கிண்ணத்தில் பறவை குடிக்கும் துளைகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் டேப்பால் மூடுங்கள். ஒவ்வொரு மிடறுக்கும் பிறகு பறவை சற்றுப் பின்வாங்கி மிதக்கும். அலகு விடுபட்ட அந்த நேரத்தில் அழுத்துங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் சிறகை வளைத்துக் காட்டும், பல கேமராக்களில் ஃபிளாஷே எரியாது. மெக்கானிக்கல் ஷட்டரையே வையுங்கள், அதன் சத்தத்துக்குப் பறவை முதலில் மிரண்டாலும் சீக்கிரம் பழகிவிடும்.

கவிழ்த்த பாட்டில் வகைக் கிண்ணம் வெயிலில் உள்காற்று விரிந்து ஒழுகும், எறும்பும் குளவியும் கூடும். தட்டு வகையே நல்லது, நடுவில் எறும்பைத் தடுக்கும் நீர்க்குழி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு கப் தண்ணீர். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன், சிவப்புச் சாயம் எதுவும் கூடாது. தேனில் பூஞ்சை வரும், வெல்லத்தின் இரும்புச்சத்து இவற்றுக்கு ஆகாது. கோடையில் இரண்டு நாளுக்கொருமுறை வெந்நீரில் கழுவி மாற்றுங்கள். கலங்கிவிட்டால் நாள் கணக்குப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

செப்டம்பரில் ஆண் பறவைகள் போய்விட்டன என்று கிண்ணத்தை இறக்கிவிடாதீர்கள். பின்னால் தெற்கே போகும் இளம் பறவைகளுக்கு அது வேண்டும். கடைசிப் பறவையைப் பார்த்த பிறகும் இரண்டு வாரம் தொங்கட்டும்.