திருகோணமலை வான்பரப்புக்கு எது: சுழலும் ரேடாரா, ஏடிஎஸ்-பியா?

விமானம் எங்கே இருக்கிறது என்று வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்குக் காட்டும் இரு வழிகள் இவை. சுழலும் இரண்டாம்நிலை ரேடார் 1030 மெகாஹேர்ட்ஸில் விமானத்தைக் கேட்கும். விமானத்திலுள்ள பதில் கருவியான டிரான்ஸ்பாண்டர் 1090-இல் பதில் சொல்லும். நெடுந்தூர ரேடார் ஒரு சுற்றுச் சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு நொடி. ஏடிஎஸ்-பி எதையும் கேட்பதில்லை. விமானமே தன் ஜிபிஎஸ் இருப்பிடத்தை நொடிக்குச் சுமார் 2 தடவை ஒலிபரப்புகிறது. தரையில் ஒரு சிறு ஆன்டெனா, ரிசீவர், இணைப்பு போதும். மோட்டாரும் கியர்பெட்டியும் இல்லாததால் செலவு வெகு குறைவு.

பார்வைத்தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான்: 30,000 அடியில் ஏறத்தாழ 210 கடல்மைல், 2,000 அடியில் 55 தான். சீனன்குடா விமானநிலையத்தில் தாழ இறங்கும் விமானம் தெரியவேண்டுமானால் கருவியைவிட ஆன்டெனா நிற்கும் இடமே முக்கியம்.

ஏடிஎஸ்-பியின் பலவீனம் ஜிபிஎஸ். அதைக் குழப்பினால் அந்தப் பகுதி விமானங்கள் எல்லாமே ஒருசேரக் கெடும். ஏடிஎஸ்-பி பொருத்தாத பழைய விமானம் திரையிலேயே வராது. டிரான்ஸ்பாண்டர் இருந்தால் ரேடார் அதைப் பிடித்துவிடும்.

கடற்கரையில் இன்னொரு தொல்லை உப்பு. வாடைக்காற்று மழையில் கேபிள் கனெக்டருக்குள் ஈரம் புகுந்தால் திரை அணையாது, ஆன்டெனா எட்டும் தூரம் மட்டும் மெல்லமெல்லச் சுருங்கும். மாதந்தோறும் மிகத் தொலைவில் பிடிபட்ட விமானத்தின் தூரத்தைக் குறித்து ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

முதலில் ஏடிஎஸ்-பி வாங்கலாம். ஆனால் ரேடார் தரவோடு சில மாதம் சேர்த்து ஓட்டிப் பார்க்காமல் அதை மட்டும் நம்பி விமானங்களுக்கு இடையே விடும் இடைவெளியைக் குறைக்கக்கூடாது.