டர்ன்டேபிள் (ரெக்கார்ட் பிளேயர்) ஊசி ரெக்கார்ட் மேல எவ்வளவு வெயிட்டா அழுத்துதுன்னு பாக்குற ஸ்கேல், ரெண்டு வாங்குன கதை

முதல்ல வாங்குனது பேரே இல்லாத ஒரு டிஜிட்டல் ஸ்கேல். 0.01 கிராம் வரைக்கும் காட்டும்னு போட்டிருந்தான், காட்டவும் செஞ்சுது, ஆனா ஊசிய மெதுவா இறக்குறப்போ கடைசி நிமிஷத்துல டக்குனு போய் தட்டுல ஒட்டிக்கும், எனக்கு உசிரே போயிடும். அப்புறம்தான் புரிஞ்சுது, தட்டு இரும்பு, ஊசி மாட்டியிருக்குற கார்ட்ரிட்ஜ் உள்ள காந்தம், சும்மா இருக்குமா! தட்டு வேற ரொம்ப உயரம். ரெக்கார்ட் இருக்குற மட்டத்துல அளக்கணும், மேல தூக்கி அளந்தா சில டோன்ஆர்ம்ல (ஊசியத் தாங்குற கை) நம்பர் மாறிடும்.

ரெண்டாவது வாங்குனது காந்தம் ஒட்டாத தட்டு, ஆளும் குள்ளம், கூடவே 5 கிராம் படிக்கல்லு ஒண்ணு. வச்சா 5.00, எடுத்து திரும்ப வச்சா 4.99. போதும்பா. என்கிட்ட இருக்குறது ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ், கம்பெனி சொல்றது 1.8 கிராம். ஆர்ம் பின்னாடி இருக்குற டயல்ல 1.8 வச்சுட்டு அளந்தா 2.05ன்னு வருது, இத்தன நாளா டயல நம்பி ஓட்டிருக்கேன்.

அளக்குறப்போ ஆன்ட்டி-ஸ்கேட்ட (ஆர்ம் உள்பக்கமா இழுபடாம பிடிக்குற செட்டிங்) ஜீரோல வச்சுக்கோங்க, பிளாட்டர் (ரெக்கார்ட் வைக்குற தட்டு) சுத்தக்கூடாது. பேட்டரியே வேணாம்னா ஷூர் எஸ்எஃப்ஜி-2 மாதிரி சீசா கணக்கா சாயுற கேஜ் இருக்கு, வேலைக்கு ஆகும், ஆனா கண்ண சுருக்கிப் பாக்க எனக்குப் பொறுமை இல்ல. நான் ரெண்டாவது வாங்குன ஸ்கேல்ல ஒரே குறை, லைட் சீக்கிரம் அணைஞ்சிடுது.