மெமரி ஃபோமா, இலவம் பஞ்சா, வெட்ஜா? நோயாளியின் தலைக்கு எது ஒத்துவரும்

அம்மாவுக்கு முடக்குவாதம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் வீட்டுக்குள் வந்த தலையணைகள் ஒன்பது. அதில் ஐந்து அலமாரி மேல் தூங்குகின்றன. எல்லாம் நான் கையால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருக்கிறதே என்று வாங்கி வந்தவை. இரவில் அவரை எழுப்பிவிடுவது எது என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

மெமரி ஃபோமில் தொடங்குகிறேன், எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தானே. 1966-ல் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் வைக்க உருவான பொருள் இது. உடம்புச் சூட்டில் இளகி, கழுத்தின் வளைவுக்கு ஏற்றபடி குழிந்து கொடுக்கும். மல்லாந்து படுத்து அசையாமல் தூங்குகிறவருக்கு இதைவிடச் சுகம் கிடையாது. முதல் வாரம் அம்மாவும் பாராட்டினார். இரண்டாவது வாரம் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துப் பார்க்கிறேன், தலையணையை முழங்கையால் இடித்து இடித்து நகர்த்திக்கொண்டிருக்கிறார். விரல்கள் வீங்கியிருந்ததால் பிடித்து இழுக்க முடியவில்லை. என்னை எழுப்பவும் மனம் வரவில்லை. "இது தலையணை இல்லடா, பள்ளம்" என்றார். புரளும்போது அந்தக் குழியிலிருந்து தலையை மேலே ஏற்றியாக வேண்டும், தலையணையும் கனம். போதாததற்கு, சூட்டை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். இரவில் வியர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

ரப்பர் பாலில் செய்யும் லேடெக்ஸ் இதற்கு நேர் எதிர். அமுக்கிய கையை எடுத்ததும் எழும்பிவிடும், அதனால் புரள்வது சுலபம். துளைகள் இருப்பதால் காற்றும் போகும். ஆனால் இதுவும் கனம்தான். ரப்பர் ஒவ்வாமை இருப்பவர் இந்தப் பக்கமே வரக்கூடாது.

என் ஓட்டு இலவம் பஞ்சுக்கு. அந்த இழை உள்ளே வெற்றுக் குழாய், மேலே மெழுகுப் பூச்சு. அதனால் எடையே தெரியாது, ஈரத்தையும் சட்டென்று உறிஞ்சாது. எல்லாவற்றையும்விட, உயரத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். ஒரு ஓரத்தில் தையலைப் பிரித்து ஒரு பிடி பஞ்சை எடுத்தேன், அம்மாவைப் படுக்க வைத்துப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தாடை இன்னும் நெஞ்சைப் பார்த்து மடங்கியே இருந்தது. இன்னொரு பிடி எடுத்த பிறகுதான் நெற்றியும் தாடையும் ஒரே மட்டத்துக்கு வந்தன. ஒரே கட்டியாக வரும் ஃபோமில் இந்தச் சௌகரியம் இல்லை. குறை இல்லாமல் இல்லை: பஞ்சு கட்டிதட்டும், துவைக்க முடியாது, வெயிலில் போட்டு அடிக்கடி தட்டிவிட வேண்டும்.

ஆஸ்துமாவோ தூசி ஒவ்வாமையோ இருந்தால் என் ஓட்டு மாறும். அப்போது பாலியெஸ்டர் மைக்ரோஃபைபர்தான் சரி, ஏனென்றால் அதைத் துவைக்கலாம். 60 டிகிரி வெந்நீரைத் தாங்கும் என்று லேபிளில் இருந்தால் இன்னும் நல்லது, ஒவ்வாமையைக் கிளப்பும் தூசிச் செள் என்ற நுண்பூச்சிகள் அந்தச் சூட்டில் செத்துப்போகும். சீக்கிரம் தட்டையாகிவிடும், அவ்வளவுதான்.

அடுத்த போட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தலையணைகளுக்கும் முக்கோண வடிவில் வரும் வெட்ஜுக்கும். அப்பாவுக்கு இதயம் பலவீனம், படுத்தால் மூச்சு முட்டும். "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். வெறும் பேச்சுக்குக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அது ஓர் அளவுகோல். இரண்டு தலையணையில் தூங்கியவருக்குத் திடீரென்று மூன்று தேவைப்பட்டால் தலையணைக் கடைக்குப் போகக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும்.

அடுக்கி வைத்தால் தலை மட்டும் ஏறும். கழுத்து மடங்கும், வயிறும் மடங்கும். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அந்த மடிப்பே அமிலத்தை மேலே தள்ளும். வெட்ஜ் இடுப்புக்கு மேலிருந்தே உடம்பைச் சாய்வாகத் தூக்கிவிடும். ஆறிலிருந்து எட்டு அங்குல உயரம் போதும். மூச்சுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் வெட்ஜ்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் விடிவதற்குள் ஆள் சறுக்கிக் கீழே வந்துவிடுவார். சறுக்கும்போது வால் எலும்புப் பக்கம் தோல் இழுபடும். பெரும்பாலும் படுக்கையிலேயே இருப்பவருக்குப் படுக்கைப்புண் இப்படியும் தொடங்கும். அவர்களுக்குச் சாய்வு 30 டிகிரிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. முழங்காலுக்கு அடியில் சின்னத் திண்டு வைத்தால் சறுக்கல் குறையும். அம்மா மாதிரி மூட்டுவலிக்காரர்களுக்கு மட்டும் அதை ராத்திரி முழுக்க வைக்காதீர்கள், முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போகும்.

சின்னத் தலையணைகளை யாரும் கண்டுகொள்வதில்லை. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் ஒன்றை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விட்டால் அங்கே புண் வரும் வாய்ப்பு குறையும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று, முதுகுக்கு முட்டாக ஒன்று. நடுவில் ஓட்டை போட்ட வளையத் தலையணையைப் படுக்கைப்புண்ணுக்கு என்று சொல்லி விற்பார்கள். வாங்காதீர்கள், ஓட்டையைச் சுற்றியிருக்கும் தோலில் அழுத்தம் இன்னும் கூடத்தான் செய்யும்.

இப்போது அம்மாவிடம் ஒல்லியான இலவம் பஞ்சு ஒன்றும் முதுகுக்கு முட்டுக்கொடுக்க ஒன்றும், அப்பாவிடம் வெட்ஜ். மெமரி ஃபோம் என்னிடம் வந்துவிட்டது. எனக்கு அந்தப் பள்ளத்தில் நன்றாகவே தூக்கம் வருகிறது.