மலைக் கடைகளில் பாஸ்வேர்டு போய் டோக்கன் வந்த பிறகு

கம்பத்தில் இருந்துகொண்டு குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் ஏலக்காய்க் கடைகளுக்கு பில் மென்பொருள் செய்து தருகிறோம். அப்டேட் எல்லாம் கிட்ஹப் என்ற, மென்பொருள் கோடு சேமித்து வைக்கும் இணையதளத்திலிருந்துதான் கடைக் கம்ப்யூட்டருக்குப் போகும். முன்பு எல்லாக் கடைக்கும் ஒரே யூசர்நேம், ஒரே பாஸ்வேர்டு. கிட்ஹப் 2020 நவம்பரில் ஏபிஐக்கும் (மென்பொருள்கள் கிட்ஹப்போடு நேரடியாகப் பேசும் வழி), 2021 ஆகஸ்ட் 13 அன்று கிட் வேலைகளுக்கும் (கோடை இறக்குவது, ஏற்றுவது) பாஸ்வேர்டை நிறுத்தியது. ஆகஸ்ட் என்றால் மலையில் காய் எடுப்பு நேரம். அதற்கு முன்பே டோக்கனுக்கு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதில் கிட்ஹப்பில் உருவாக்கிக்கொள்ளும் நீண்ட ரகசிய எழுத்து வரிசைக்கு மாறிவிட்டோம்.

பேசிக் ஆத் என்ற அந்தப் பழைய முறையில் ஒவ்வொரு அழைப்பிலும் யூசர்நேமும் பாஸ்வேர்டும் பேஸ்64 என்ற வேறு வடிவ எழுத்துகளாக மாறி, அழைப்பின் தலைப்பகுதியான ஹெடரில் போகும். அது பூட்டே இல்லை, யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம். வழியில் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பு காப்பாற்றும், சரி. கடைக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருப்பதை யார் காப்பாற்றுவது? டோக்கனும் அங்கேதான் கிடக்கிறது. ஆனால் அதைத் திருடியவனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

2022 அக்டோபரில் வந்த, எதைத் தொடலாம் என்று நுணுக்கமாக வரையறுக்கக்கூடிய ஃபைன்-கிரெயின்டு டோக்கன்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கடைக்கு ஒரு டோக்கன், கடைப் பெயரே அதற்கும் பெயர். ஒரே ஒரு ரெப்போ (கோடு வைத்திருக்கும் பெட்டகம்), அதுவும் படிக்க மட்டும். மழைக்காலத்தில் ஒரு கடையில் லேப்டாப் திருடு போனது. "மலையேறி வரணுமா தம்பி?" என்று முதலாளி போனில் கேட்டார். "வேண்டாம்ணே" என்று சொல்லிக்கொண்டே அந்த டோக்கனை மட்டும் ரத்து செய்தேன். மற்ற கடைகளுக்கு எதுவுமே தெரியாது. பழைய முறையாக இருந்தால் கம்பமெட்டு ஏறி, கடை கடையாகப் போய் பாஸ்வேர்டு மாற்றியிருக்க வேண்டும்.

மாறும்போது படுத்தியது விண்டோஸ்தான். சில கம்ப்யூட்டர்களில், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜர் பழைய பாஸ்வேர்டை விடாமல் பிடித்துக்கொண்டு, டோக்கன் சரியாக இருந்தும் 'ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு' என்றே காட்டியது. உள்ளே போய் கிட்ஹப் வரியை நீக்கினால் திரும்பக் கேட்கும். பாஸ்வேர்டு கட்டத்தில் டோக்கனை ஒட்ட வேண்டும். டோக்கன் உருவாக்கும்போது ஒரே ஒரு முறைதான் கண்ணில் படும், உடனே எடுத்து வைத்துவிடுங்கள்.

தொந்தரவு என்றால் காலாவதிதான். கெடு நெருங்கும்போது மெயில் வரும், ஆனால் காய் எடுப்பு நாளில் யார் மெயில் பார்ப்பது? அதனால் எல்லா டோக்கனுக்கும் காலாவதித் தேதியை ஏப்ரல், மே மாதத்தில் விழும்படி வைத்திருக்கிறோம். அப்போது கடைகளில் கூட்டம் குறைவு, நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.