பட்டுப்புடவைக்கு குஸ்னோகி கற்பூரம்: வாங்கலாமா?

ஜப்பானில் குடியிருக்கும் நம் பெண்களுக்கு ஜூன் பிறந்தாலே பீரோ கவலைதான். ஜூலை நடுவரைக்கும் மழை, புழுக்கம். மடித்து வைத்த துணியில் ஒரு மக்கிய வாடை ஏறிவிடும். கோபேயில் எங்கள் வீட்டு பீரோவில் என் கூறைப்புடவையும் மாமியார் கொடுத்த இரண்டு காஞ்சிபுரமும் இருக்கின்றன. அவற்றைப் பூச்சி அரிக்காமல் இருக்க நான் வாங்கிப் போடுவது குஸ்னோகி மரத்துக் கற்பூரம். கிமோனோ கடைகளில் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாகக் கிடைக்கும்.

கோபேக்காரர்களுக்கு குஸ்னோகி என்றதும் மரத்தோடு ஒரு மனிதரும் நினைவுக்கு வருவார். 1336இல் இங்கே மினாதொகாவா போரில் உயிர்விட்ட தளபதி குஸ்னோகி மசாஷிகே. அவருக்காக 1872இல் எழுப்பிய கோயில் கோபே ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊரார் உரிமையோடு ‘நான்கோ-சான்’ என்பார்கள். பேரரசர் கோ-தைகோவின் கனவில் ஒரு பெரிய மரமும், தெற்கே பரந்த கிளையின் கீழ் ஓர் ஆசனமும் வந்ததாம். ‘தெற்கு’, ‘மரம்’ இரண்டு எழுத்தையும் சேர்த்தால் குஸ்னோகி. அந்தப் பெயர் கொண்டவரைத் தேடிப் பிடித்து அழைத்தார் என்று கதை. பொட்டலத்தின் மேல் அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, பொருளுக்கு வருவோம். உள்ளே இருப்பது நம் சூடம் மாதிரி அச்சில் அழுத்திய வில்லை அல்ல, வெள்ளைப் பொடி. விரலில் எடுத்துத் தேய்த்தால் லேசாகப் பிசுபிசுக்கும், சில்லென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் காற்றோடு போய்விடும். மரத்தைச் சீவி, ஆவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரவைத்து எடுக்கிறார்கள். எண்ணெய் தனியாகவும் கற்பூரம் தனியாகவும் பிரியும். முழுக்கப் பிரியாமல் மிஞ்சும் எண்ணெய்தான் அந்தப் பிசுபிசுப்பு. மணமும் அதனால்தான் வேறு. நம் கடைச் சூடம் பெரும்பாலும் டர்பென்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. அதன் வாசனை மூக்கில் சுருக்கென்று ஏறும். இதில் அந்தக் காரம் அடங்கி, பின்னால் பச்சை மரத்தின் வாசம் வருகிறது. புடவையைக் கட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் காற்றாட விட்டால் போதும், நெடி போய்விடுகிறது. ரசகற்பூர (நாப்தலீன்) உருண்டை போட்ட துணியில் இது நடக்கவே நடக்காது.

ஒரு காலத்தில் தெற்கு ஜப்பானின் சாத்சுமா பக்கத்திலிருந்து டச்சுக்காரர்கள் கப்பல் கப்பலாக ஏற்றிப்போன சரக்கு இது. பிறகு செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக் செய்ய உலகமே கேட்டது. 1903 முதல் 1962 வரை அரசாங்கமே ஏகபோகமாக வைத்திருந்தது. இப்போது மரத்திலிருந்து வடிக்கிறவர்கள் மிகச் சிலர். அதனால் விலை அதிகம். சூட டப்பாவோடு ஒப்பிட்டால் மலைப்பாக இருக்கும். பட்டின் விலையோடு ஒப்பிடுங்கள், கொடுக்கலாம் என்றுதான் தோன்றும்.

கடைக்கார அம்மா முதலில் சொன்னது, பொட்டலத்தைத் துணிக்கு மேலே வைக்க வேண்டும் என்று. கற்பூர ஆவி காற்றைவிடக் கனம், தானாகக் கீழே இறங்கும். ஜரிகையில் நேராகப் படாமல், நடுவே ஒரு பருத்தித் துணி போட்டுக்கொள்கிறேன். முன்பு ரசகற்பூரம் போட்டிருந்தால் அதை முழுக்க எடுத்து, பீரோவைக் காற்றாட விட்டபிறகே இதை வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் உருகித் துணியில் கறை பிடிக்கும்.

குறையும் உண்டு. சீக்கிரம் கரைகிறது. அடிக்கடி திறந்து மூடும் பீரோவில் வைத்தால் காசுக்குக் கேடு. வருஷத்துக்கு நாலு தடவை திறக்கும் இழுப்பறைக்குத்தான் சரி. தவிர, ஈரத்துக்கு இது மருந்தல்ல. பூச்சியைத் தடுக்கும், பூஞ்சையைத் தடுக்க ஈரம் உறிஞ்சும் பை தனியாகப் போடத்தான் வேண்டும்.

தவழும் குழந்தை இருக்கும் வீடுகளில் கைக்கு எட்டாத மேல்தட்டில்தான் வைக்க வேண்டும். கற்பூரத்தைக் கொஞ்சம் விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். பச்சைக் கற்பூரம் என்று நினைத்துப் பாயசத்தில் போட்டுவிடாதீர்கள். பூஜைக்கும் நான் இதை எடுப்பதில்லை. ஆரத்திக்கு ஊரிலிருந்து வரும் சூடமே போதும். மழை தொடங்குமுன், மே மாதத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.