பெயரில்லாப் பாட்டுகள்: பிக்கார்டா, எம்பி3டேக்கா?

மட்டக்களப்பில் சவுண்ட் சேர்விஸ் நடத்துபவர்களின் மடிக்கணினியில் பாட்டுக்குக் குறைவில்லை, பெயருக்குத்தான் பஞ்சம். திரை முழுக்க "ட்ராக் 07", "அன்னோன் ஆர்டிஸ்ட்". கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் குளிர்த்திப் பாட்டைப் போடச் சொல்லி ஆள் வந்து நின்றால் எதைத் திறப்பது?

பாட்டுக்குப் பெயர் போட உதவும் மென்பொருள்களில் மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட் பாட்டைக் கேட்டே கண்டுபிடிக்கப் பார்க்கும். "ஸ்கான்" கொடுத்தால் முதல் இரண்டு நிமிட ஒலியிலிருந்து ஒரு கைரேகை எடுத்து, இப்படிப்பட்ட ஒலிக் கைரேகைகளைச் சேர்த்து வைத்திருக்கும் அக்கூஸ்ட்ஐடி தரவுத்தளத்தோடு ஒப்பிடும். கோப்பின் பெயர் என்னவென்று அதற்குக் கவலையில்லை. சீடியிலிருந்து எடுத்த சினிமாப் பாட்டென்றால் இதைத்தான் ஓட விடுவேன். ஆனால் யாரோ ஏற்கெனவே பதிந்து வைத்த பாட்டைத்தான் அது அறியும். வடமோடிக் கூத்துப் பாட்டு, அக்கரைப்பற்றுப் பக்கத்து நாட்டார் கவி, கோயிலடியில் பதிந்த கசெட் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் வெறுங்கைதான். கசெட்டில் வந்த சினிமாப் பாட்டும் சிக்கல்: டெக் சற்று வேகமாக ஓடிச் சுருதி ஏறியிருந்தால் கைரேகை பொருந்தாது. பொருந்தினாலும் சில நேரம் படத்தின் பெயருக்குப் பதில் ஏதோ "ஹிட்ஸ்" தொகுப்பின் பெயர் வந்து உட்காரும்.

விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் எம்பி3டேக் பாட்டைக் கேட்டுப் பார்க்காது, கோப்புகளின் விவரங்களை அட்டவணையாகக் காட்டும். எது இல்லை என்று காட்டுவதில் அதுதான் கெட்டி. "ஆர்டிஸ்ட்" தலைப்பைச் சொடுக்கினால் வெற்றுக் கட்டங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். கோப்பின் பெயரில் விவரம் இருந்தால் அதை அப்படியே பிரித்து உரிய கட்டங்களில் போட்டும் தரும். வெற்றுக் கட்டத்தைவிட மோசம், குப்பை நிரம்பிய கட்டம்: பாட்டை இறக்கிய தளத்தின் முகவரி, யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்து இப்போது ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும் பெயர். இவற்றைக் கண்ணால் ஓட்டிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அதற்கும் இந்த அட்டவணைதான் வசதி.

பீட்ஸ் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. கட்டளை அடிக்கப் பழகியவர்களுக்குச் சரி, மற்றவர்கள் விட்டுவிடலாம்.

என் கணக்கில் முதலில் எம்பி3டேக். அதில் ஊர்ப் பாட்டை வேறு கோப்புறைக்கு ஒதுக்கிவிட்டு, சினிமாப் பாட்டை மட்டும் பிக்கார்டிடம் கொடுக்கலாம். ஆர்டிஸ்ட் இடத்தில் பாடகரா, இசையமைப்பாளரா என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம், பிக்கார்ட் சேமிக்கும்போது பழைய விவரத்தின் மேல் எழுதிவிடும். "கமென்ட்" கட்டத்தில் நீங்கள் கைப்பட எழுதியது ஏதும் இருந்தால், அழிக்கக் கூடாதவை பட்டியலில் அதை முன்னமே சேர்த்துவிடுங்கள்.